பெரிய வெள்ளியன்று விழுந்த கறை

செபமாலையம்மாள் விடிகாலையில் வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போவதைப் பார்த்து தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷன் லயமே உருகிப்போயிருந்தது. பனி விலகுமுன் எழுந்து, பாதையில் ஆனை நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாக மேடேறுவாள். கோயிலைத் திறந்து உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வர மாட்டாள். வீடு திரும்பியும் வெகுநேரம் கழித்துத்தான் பாலில்லாத கட்டஞ்சாயாகூடக் குடிப்பாள். உடம்பு வேறு இளைத்துப்போய் ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. "தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருக்கா பாரு. நம்மளும் இருக்கோமே, வெள்ளிக்கிழம கறி திங்காம இருக்கதுக்கே மூக்கால அழுதுகிட்டு" என்று குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

உண்மை வேறு. அவள் கோயிலுக்குப் போனது வெறும் வயிற்றில் மாத்திரை தின்ன.

கிறிஸ்துமஸ் சமயத்தில் தொடங்கிய இருமல் பொங்கல் கழிந்தும் விடாமல் போக, புருஷன் சூசையப்பன் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். கபத்தைச் சோதித்து டீபி என்றார்கள். ஆறு மாசம் மாத்திரை தின்றால் சுத்தமாகப் போய்விடும் என்றும் சொன்னார்கள். அவள் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது.

அடுத்த வாரமே, வீடு வீடாக வரும் சுகாதார ஊழியராக ஆஷா வேலை பார்க்கும் டின்சி, கையில் பையோடு லயத்துக்கு வந்து நின்றாள். லயம் என்றால் என்ன? ஒரே கூரை, வரிசையாக வீடுகள். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் "நூறு ஆயுசு" என்பார்கள். எல்லா வாசலிலும் தலைகள் முளைத்தன. செபமாலையம்மாள் சத்தமாக, "கொசு மருந்து அடிக்க எழுத வந்தியாம்மா?" என்று கேட்டு அவளை அனுப்பிவிட்டு, குழாயடி தாண்டியதும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி இந்தப் பையத் தூக்கிட்டு எம் வாசப்படி ஏறுனே, அம்புட்டு மாத்திரயையும் ஆத்துல கொட்டிருவேன், பாத்துக்கோ."

டின்சிக்குக் கோபம் வரவில்லை. சின்னப் பெண், ஆனால் பொறுமைசாலி. "சரிக்கா, நான் வரல. எங்க வச்சு, எப்பச் சாப்பிட்டா ஒங்களுக்குத் தோது? நீங்களே சொல்லுங்க. அப்படியே செய்வோம்" என்றாள்.

இத்தனை வயசுக்கு அப்படி ஒரு கேள்வியை யாரும் செபமாலையம்மாளிடம் கேட்டதில்லை. எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பதை எஸ்டேட் சங்கு சொல்லும். எந்த நிரையில் கொழுந்து கிள்ள வேண்டும் என்பதை சூப்பர்வைசர் சொல்லுவார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோயில்ல வச்சுத் திங்கேன்" என்றாள். கோயிலைக் கூட்டிப் பெருக்குவது அவள்தான், சாவியும் அவளிடம்தான். மெழுகுதிரி அலமாரிக்குப் பின்னால் மாத்திரை போய் உட்கார்ந்தது. வாரம் ஒருமுறை டின்சி கோயிலுக்கு வந்து பேசிவிட்டுப் போவாள். அவளோ சிலை வைக்காத சி.எஸ்.ஐ. கோயில்காரி. மாதா சுரூபத்துக்கு முன்னால் நிற்பதா மண்டியிடுவதா என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் தடுமாறுவாள். "டின்சி நம்ம வேதத்துக்கு வரப்போறா போல" என்று லயத்தில் அதற்கும் ஒரு பேச்சு கிளம்பியது.

இப்படி ஒளித்து ஒளித்துத் தின்பானேன் என்று கேட்கலாம். சீக்கு என்று தெரிந்தால் லயத்தில் யாரும் அடிக்கப் போவதில்லை, திட்டப் போவதுமில்லை. சும்மா கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அந்தக் கொஞ்சத்தைத்தான் தாங்க முடியாது. பக்கத்து டிவிஷனில் ஒருத்தி நன்றாகச் சுகமாகி வந்த பிறகும் வேலைக்காட்டில் தனியாக உட்கார்ந்துதான் சோறு தின்றாள். செபமாலையம்மாளோ ஊருக்கு முன்னால் நிற்கிறவள். செபம் சொல்ல அவள், சாவு வீட்டில் பாட அவள், பெரிய வெள்ளியன்று ஆண்டவர் பாடுகளைச் சொல்லிப் புலம்ப அவள்தான் முதல் குரல். அந்தக் குரலை அவளால் விட முடியவில்லை.

மார்ச் மாதத்தில் மறுபடி கபம் சோதித்தார்கள். சுத்தம் என்று வந்தது. "இனி ஒங்களால யாருக்கும் ஒட்டாது. ஆனா மாத்திரய மட்டும் நிறுத்தக்கூடாது" என்று டின்சி சொன்னாள். மூத்திரம் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்படாதீர்கள் என்பதை அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். கண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. யாருக்குத்தான் அது தோன்றும்?

பெரிய வெள்ளி வந்தது.

சிலுவைப் பாதை முடிந்து, மரித்த ஆண்டவரின் சுரூபத்தைப் பூக்கட்டிலில் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்திப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். செபமாலையம்மாள் புலம்பலைத் தொடங்கினாள். வருஷா வருஷம் பாடுகிறதுதான். ஆனால் இந்த வருஷம் அவளுக்குள் நிறையக் கிடந்தது. செத்துப்போவோமோ என்று கிடந்த தை மாதத்து ராத்திரிகள், யாரிடமும் சொல்லாமல் விழுங்கியது, பிழைத்துவிட்டோம் என்பது, எல்லாம் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்தது. ஆண்டவர் பாதத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள், அழுதாள், அப்படி அழுதாள். கூடியிருந்தவர்களும் சேர்ந்து கதறினார்கள்.

அவள் முகத்தைத் தூக்கியபோது பக்கத்திலிருந்த அன்னமேரி, "யேசுவே!" என்று வீறிட்டாள். இலை லாரி ஓட்டும் சுவக்கீனின் பெண்டாட்டி அவள், இடுப்பில் கைக்குழந்தை. குழந்தை பயந்து அழுதது. சுரூபத்தின் பாதத்துக்கு மேலே வெள்ளைத் துணியில் காவி கலந்த சிவப்பாக இரண்டு கறைகள்.

"ரத்தமா அழுதிருக்கா! செபமாலக்கா ரத்தமா அழுதிருக்கா!"

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஒருசந்தி இருந்த உடம்பு, விடியுமுன் கோயிலேறிய கால், எல்லாம் சேர்ந்து ஒரே கணக்காகிவிட்டது. கோயிலில் இருந்தவர்கள் மண்டியிட்டார்கள். சிலர் அவள் சேலைத் தலைப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். அவளை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனது ஒரு தேர்ப் பவனி மாதிரித்தான் இருந்தது.

பொய் சொல்வானேன், அன்றைக்கு ராத்திரி செபமாலையம்மாளும் நம்பினாள். ஆண்டவரே, என்னையா, இந்த இருமல்காரியையா, என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சந்தோஷம் என்றால் சந்தோஷம், அப்படியொரு சந்தோஷம் அவள் அறிந்ததில்லை. சீக்குக்காரி என்று உள்ளுக்குள் குறுகிக் கிடந்தவளை யாரோ தூக்கி மடியில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் டின்சி மூச்சு வாங்க மேடேறி வந்தாள். கதையை முழுதும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ அக்கா! நான் சொல்லாம விட்டுட்டேன். மூத்திரம் மட்டுமில்ல. கண்ணீரு, வேர்வ, எச்சி, எல்லாமே இந்த மாத்திரையில நெறம் மாறும்."

செபமாலையம்மாள் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பிறகு, "ரெண்டு நாள் பிந்திச் சொன்னா என்னட்டி ஒனக்கு?" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்தது. துண்டால் துடைத்தாள். துண்டிலும் அதே காவி.

டின்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வாயத் தெறக்க மாட்டேன்க்கா. ஒங்க சீக்கு ஒங்க விஷயம். சொல்லணும்னு தோணுச்சுன்னா நீங்க சொல்லுங்க. தோணலன்னா விட்டுருங்க. மாத்திரய மட்டும் விட்டுராதிய."

விட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. ஈஸ்டர் பூசைக்கு வந்த பங்குச் சாமியார், கறை பட்ட துணியை மடித்து எடுத்துக்கொண்டு, "அவசரப்படாதீங்க, பெரியவங்கள்ட்ட கேக்கணும்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். யார் கேட்டார்கள்? மற்ற டிவிஷன்களிலிருந்தெல்லாம் ஜீப்பில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எண்ணெய்க் குப்பி, தண்ணீர்ப் பாட்டில், காய்ச்சல்காரப் பிள்ளைகள். மாட்டுப்பட்டிப் பக்கமிருந்து ஒருத்தர், கறவை நின்றுபோன பசுவைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று ஆள்விட்டுக் கேட்டார். எல்லார் தலையிலும் கைவைத்து அவள் செபம் சொன்னாள். செபம் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லையே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

அந்த ஈஸ்டர் ஞாயிறு சாயங்காலமே சுவக்கீன் வந்தான்.

அவன் வாசலுக்கு வருமுன் அவன் இருமல் வந்தது. அடி நெஞ்சிலிருந்து பிராண்டிக்கொண்டு வருகிற இருமல். தை மாதம் முழுக்க அவள் தலையணையை வாயில் வைத்து அமுக்கியது இதே இருமலைத்தான். அவன் கன்னம் ஒட்டி, சட்டை ஆளைவிடப் பெரிதாகத் தொங்கியது. கூடவே அன்னமேரி, இடுப்பில் குழந்தை. வழக்கம்போல் செபமாலையம்மாள் அதன் நெற்றியில் முத்தமிட்டாள்.

"மாசக்கணக்கா இருமுதாரு அக்கா. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, இல்லாத சீக்கையும் எழுதிக் கொடுத்துருவானுவன்னு வரமாட்டங்காரு. நீங்க தொட்டாப் போதும்" என்றாள் அன்னமேரி.

செபமாலையம்மாள் சுவக்கீனை மட்டும் வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். "தம்பி, நல்லாக் கேட்டுக்கோ. எனக்கு வந்தது டீபி. கண்ணீர் செவந்தது மாத்திரையால. ஒன் இருமலும் அந்த இருமல்தான், எனக்குத் தெரியும். நாளைக்கே கபம் சோதி." கோயிலில் கூட்டம் என்று மடிக்கு மாற்றியிருந்த மாத்திரை அட்டையை எடுத்தும் காட்டினாள்.

சுவக்கீன் அட்டையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். "பெரியவங்க இப்படித்தான்க்கா மறைப்பாங்க. நீ என்னச் சோதிச்சுப் பாக்க. எனக்கு விசுவாசம் இருக்கு."

"மறைக்கல தம்பி, சொல்லுதேன்!"

"நாளைக்கும் வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ராத்திரிச் சோறு அவளுக்கு இறங்கவில்லை. சூசையப்பன், "விடு. நீ ஒண்ணும் பொய் சொல்லலயே. நாலு நாள்ல கூட்டம் தானா அடங்கிரும்" என்றார்.

"கூட்டம் அடங்கும். அவன் இருமல் அடங்குமா? இங்க வந்தாச் சரியாயிரும்னு இருந்தே செத்துருவான். அந்தப் பச்சப் பிள்ள அவன் மூச்சுலதான் ஒறங்குது."

"சொன்னியில்ல. அவன் நம்பலன்னா நீ என்ன செய்வ?"

அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். மனசுக்குள் வேறொன்றும் கிடந்தது, அதைப் புருஷனிடம்கூடச் சொல்ல வெட்கமாக இருந்தது. சுவக்கீன் நம்பாமல் போனபோது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்திருந்தது.

மறுநாள் வேலை விட்டு, கொழுந்து நிறுத்து முடிந்ததும் கோயில் முற்றத்தில் செபமாலை சொல்லக் கூட்டம் சேர்ந்தது. இவ்வளவு பேர் திருவிழாவுக்குக்கூடச் சேர்ந்ததில்லை. சுவக்கீன் முன்வரிசையில் மண்டியிட்டிருந்தான். பாதியில் இருமல் பிடித்தது. விடவில்லை. ஆளைக் குனியவைத்து உலுக்கி எடுத்தது. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வாயில் பொத்தினான். எடுத்தபோது துண்டில் ரத்தம்.

அன்னமேரி துண்டைப் பிடுங்கி விரித்துப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தில் பயம் வரவேண்டாமா? பிரகாசம் வந்தது.

"அக்கா! ஒங்க கண்ணுல வந்தது இவருக்கு நெஞ்சுல வந்துருச்சு! ஆண்டவர் இவரையும் தொட்டுட்டாரு!"

"தோத்திரம், தோத்திரம்" என்று கூட்டம் முழங்கியது. சுவக்கீன் வெளுத்துப்போன முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செபமாலையம்மாள் எழுந்து நின்றாள். "நிப்பாட்டுங்க. எல்லாரும் கேளுங்க. எனக்கு டீபி. தை மாசத்துலருந்து மாத்திர திங்கேன். இந்தக் கோயில்லதான் ஒளிச்சு வச்சுத் திங்கேன். ஒருசந்தியுமில்ல, ஒண்ணுமில்ல. கண்ணீர் செவப்பா வந்தது அந்த மருந்தோட நெறம்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "ஆகா, தாழ்ச்சியப் பாரு! புனிதமானவுகளுக்குத்தான் இந்தத் தாழ்ச்சி வரும்" என்றார். "ஆமென்" என்றார்கள். ஒருத்தி ஓடிவந்து அவள் காலைத் தொட்டாள்.

அப்போதுதான் செபமாலையம்மாளுக்கு வெறி வந்தது. காலை உதறிக்கொண்டு, முற்றம் அதிரக் கத்தினாள்.

"கண்ணீர் மட்டுமா செவப்பு? மூத்திரமும்தான் செவப்பாப் போகுது! அதையும் துணியில புடிச்சுப் பீடத்துல வைப்பியளா? வாங்க, கக்கூசுக்கு வாங்க, எல்லாருக்கும் காட்டுதேன்!"

ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். காலைத் தொட்டவள் மெல்லக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கூட்டம் பின்னால் நகர்ந்தது. அதிகமில்லை, கொஞ்சம்தான்.

"பாவி, இந்த வாயோட எம் பிள்ளைய முத்துனியே!" என்று அன்னமேரி அலறினாள்.

"என் கபம் சுத்தமான பெறகுதான் ஒம் பிள்ளையத் தொட்டேன். இப்பம் அதுக்குப் பயம் என்னால இல்ல. ஒம் புருஷன் இருமலால. அந்தத் துண்டுல இருக்கது கிருபையில்ல அன்னமேரி, சீக்கு. அவன் நெஞ்சு புண்ணாயிருக்கு. மருந்து தின்னா ஆறும். தின்னலன்னா நீ தாலியறுப்ப." சொல்லக்கூடாத சொல்தான். வேறு சொல் அவளுக்கு வரவில்லை. "நாளைக்குக் காலையில மொத ஜீப்புக்கு நான் நிப்பேன். வந்தா வா."

முற்றம் காலியானது. முடியாத செபமாலையை அவளும் சூசையப்பனும் மட்டும் இருந்து சொல்லி முடித்தார்கள். மாதாவைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. போயும் போயும் கோயில் முற்றத்தில் சொல்கிற வார்த்தையா அது?

காலையில் ஜீப் நிற்கும் வளைவில் அவளும் டின்சியும் நின்றார்கள். வேலைக்குப் போன பெண்கள் அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்கள். ஜீப் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். "இன்னும் ஒரு நிமிசம் அண்ணே" என்று டின்சி கெஞ்சினாள். லயத்துப் பாதையில் யாரையும் காணவில்லை. சரி, ஏறிவிடலாம் என்று செபமாலையம்மாள் காலை வைத்தபோது அந்த இருமல் கேட்டது. பனிக்குள்ளிருந்து சுவக்கீன் வந்தான். அவனுக்குப் பின்னால் அன்னமேரி, குழந்தையைப் போர்வையில் பொதிந்துகொண்டு. டின்சி கொடுத்த மாஸ்க்கை அவன் பேசாமல் வாங்கி மாட்டிக்கொண்டான். அன்னமேரி முன்சீட்டில் ஏறினாள், திரும்பியே பார்க்கவில்லை. வழியிலிருந்த அணையைத் தாண்டி ஜீப் டவுனுக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் டின்சி சீட்டு எடுக்கப் போனாள். குழந்தையையும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அன்னமேரியைக் கூடவே அழைத்துக்கொண்டாள். முற்றத்துப் பெஞ்சில் சுவக்கீனும் செபமாலையம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, அன்னைக்கு வீட்டுக்குப் பின்னால வச்சுத் தனியாச் சொன்னியே. அப்பமே எனக்குத் தெரியும், நீ சொன்னது நெசம்னு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "பெறவு எதுக்குல கும்பிட்ட?"

"ஒனக்கு அற்புதம்னா எனக்கு வெறும் இருமல். ஒனக்குச் சீக்குன்னா எனக்கும் அந்தச் சீக்குதானே." மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டான். "பயந்துட்டேன்க்கா. நேத்து ரத்தத்தப் பாத்தும் நீ ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிற மாட்டியான்னுதான் ஒன் மூஞ்சியவே பாத்துகிட்டு இருந்தேன்."

செபமாலையம்மாளுக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "எனக்கு மட்டும் என்னவாம்? டின்சி வந்து சொல்லுத வரைக்கும் நானும் நம்பிக்கிட்டுத்தான் கெடந்தேன்" என்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

சுவக்கீன் சிரித்தான். சிரிப்பு இருமலாகியது. அடங்கியதும், "மாத்திர கசக்குமா?" என்று கேட்டான்.

"வயித்தப் பொரட்டும். மொதக் கொஞ்ச நாள் கண்டதையும் திட்டத் தோணும். என்னயத் திட்டிக்கோ."

உள்ளேயிருந்து அவன் பேரைக் கூப்பிட்டார்கள். கபம் எடுக்கும் டப்பாவை நீட்டி, வெளியே வெயிலில் போய் நின்று நன்றாக ஆழத்திலிருந்து இருமி எடுத்து வரச்சொன்னாள் நர்ஸ். அவன் டப்பாவை வாங்கிக்கொண்டு எழுந்து, இரண்டெட்டு நடந்து, நின்று திரும்பினான்.

"நீ போயிராத, என்ன?"

"இங்கனதான் இருக்கேன். போ" என்றாள் செபமாலையம்மாள்.